அமலிக்கு வந்த விருந்தாளி

1965ஆம் ஆண்டு ஜூலை 17. ரங்கூனில் விடியற்காலை முதல் ஓயாத மழை. பசுந்தாங் வீதியில் கணுக்காலளவு நீர் நின்றது.

தேவநேசன், தம் மகள் அமலியின் படத்திலிருந்து மல்லிகை மாலையைக் கழற்றி, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார்.

"மாலையக் கழட்டிட்டா மக எழும்பி வந்துருவாளா?" என்றாள் மனைவி மரியபுஷ்பம். "டோக்கியோவுலருந்து வர்ற அந்தம்மா, அமலி எங்கன்னு கேட்டா?"

"கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போயிருக்காம்பேன். இருபத்துநாலு மணி நேர விசாவுல வர்றவங்க, காத்துக்கிட்டா இருப்பாங்க?"

"பொய் சொல்லப்போற மூஞ்சியையாவது கழுவிட்டு வாங்க."

ஜப்பானியர் ஆண்ட காலத்தில் துறைமுகக் கிடங்கில் மொழிபெயர்த்துப் பிழைத்தவர் தேவநேசன். டோக்கியோப் பாடகி மிசாவோவின் இசைத்தட்டில் மயங்கிக் கிடந்த அமலி சொல்லச் சொல்ல, முதல் கடிதத்தை ஜப்பானிய மொழியில் எழுதியவர் அவரே. பதில் வந்தபோது, அமலியைக் காய்ச்சல் கொண்டுபோய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

'மழையில் குடை எடுத்துப் போகிறாயா?' என்று அதில் கேட்டிருந்தது. அந்தக் கேள்விக்கு விடையெழுதாமல் இருக்க அவரால் இயலவில்லை.

மூன்று ஆண்டுகளாக மாதம் ஒரு கடிதம். அவற்றில் அமலி உண்டாள், சிரித்தாள், அம்மாவிடம் திட்டு வாங்கினாள். உண்மை வெளிப்பட்டால் கடிதங்கள் நின்றுவிடும். மகள் இரண்டாம் முறை இறந்துபோவாள்.

மிசாவோவிடமிருந்தும் பதில் தவறியதில்லை. ஒவ்வொன்றிலும் அதே புகைப்படம். அதன் கீழே 'வயது பத்தொன்பது' என்ற அதே வரி. நட்சத்திரங்களுக்கு வயது ஏற ரசிகர்கள் விடமாட்டார்கள் போலும் என்று தேவநேசன் தமக்குள் சிரித்துக்கொள்வார்.

மரப்படியில் காலடி ஓசை கேட்டது. அவர் படத்தின் முன்னிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

பாடகியின் செயலாளர் என்று கடிதத்தில் அறிவித்திருந்த பெண்மணி, நனைந்த காலணிகளைக் கழற்றி வாசலை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு, இடுப்பு வளைய வணங்கினாள். ஐம்பது வயதிருக்கும்.

"ரசிகர் கடிதம் ஒண்ணுக்குக்கூடப் பதில் போடாம விடக்கூடாது. அது மிசாவோவோட கட்டளை" என்றாள். "அமலி எங்கே?"

"கோயிலுக்குப் போயிருக்கா. வர நேரமாகும்" என்றார் அவர், கிடங்கில் பழகிய ஜப்பானிய மொழியில்.

அணைந்த திரியிலிருந்து இன்னும் புகை எழுந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். பின்பு கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, மெழுகுவர்த்தியை மீண்டும் ஏற்றி, படத்தின் முன் கைகுவித்தாள்.

"முதல் கடிதத்துல அமலிக்கு வயசு பதினேழு. போன மாசக் கடிதத்துலயும் பதினேழுதான்."

தேவநேசனின் தலை கவிழ்ந்தது. "எழுதினது நான்தான், அம்மா. மிசாவோகிட்ட சொல்லிராதீங்க. கடிதம் மட்டும் நிக்கவேணாம்."

அவள் கைப்பையிலிருந்து மிசாவோவின் அந்தப் பழகிய புகைப்படத்தை எடுத்தாள். அதன் மூலையில் கறுப்பு நாடா கட்டியிருந்தது. அமலியின் படத்தருகே அதைச் சாய்த்து வைத்தபோது, சுவர்க் கடிகாரத்தில் மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.

"என் மகளுக்கும் மூணு வருஷமாப் பத்தொன்பது வயசுதான்."