சின்ன மரு

குதிரையின் கண்ணிமைக்கு மேல் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. அதைப் பார்த்ததுமே கால்நடை டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“எப்ப வந்துச்சு இது?”

“ஆறு மாசம் இருக்கும்,” என்றார் குதிரைக்காரர். இருவர் முகத்திலும் முகக்கவசம். “சின்ன மருதானேன்னு களிம்பு தடவிக்கிட்டிருந்தேன்.”

“நீங்களா முடிவு பண்ணிட்டீங்களாக்கும்? தோலைப் பத்தி ஏதாவது தெரியுமா உங்களுக்கு? இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கண்ணே போயிருக்கும்!”

குதிரைக்காரர் குதிரையின் கழுத்தைத் தடவியபடி நின்றார்.

மயக்க ஊசி போட்டு, கட்டியை வெட்டியெடுத்து, அதன் வேரைக் கடுங்குளிரால் உறையவைத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது.

“குதிரை இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும். இது திரும்ப முளைக்கிற ரகம், வாராவாரம் பாக்கணும். நான் கிளம்புறேன். நாலு மணிக்கு ஒரு பெரிய டாக்டரைப் பாக்கணும், ரெண்டு மாசம் காத்திருந்து கிடைச்ச நேரம்.”

“எனக்கும் வேலைக்கு நேரமாச்சு,” என்று குதிரைக்காரரும் நழுவினார்.

நாலு மணிக்கு, ஊரிலேயே பேர்போன தோல் டாக்டரிடம் டாக்டரம்மா மணிக்கட்டை நீட்டினார். அதில் மிளகளவு கறுப்பாக ஏதோ வளர்ந்திருந்தது.

தோல் டாக்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “பயப்படாதீங்கம்மா, சின்ன மருதான். களிம்பு எழுதித் தரேன், தடவிக்கிட்டு வாங்க.”

எங்கேயோ கேட்ட குரல். டாக்டரம்மா எழுதும் கையைப் பார்த்தார். சட்டைக் கையில் பழுப்புக் குதிரைமயிர் ஒட்டியிருந்தது.

நீட்டிய சீட்டை டாக்டரம்மா வாங்கவில்லை.

“குதிரைக்குத் தடவினதும் இதே களிம்புதானா, டாக்டர்?”