நாலு நடைத் தூக்கம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நீளக் கதை இல்லை. ஒருத்தி பகலில் தூங்கப் பார்த்த கதை. அடுப்பில் உலை வைத்தவர்கள்கூடக் கேட்டுவிட்டுப் போகலாம்.

அவள் கண்ணை மூடியிருந்தாள்.

தூங்கவில்லை. மூடியிருந்தாள், அவ்வளவுதான்.

உப்பளத்துக்காரிக்குக் கண்ணை மூடினாலும் இருட்டு வராது. பதினெட்டு வருஷத்து வெயிலும் உப்பும் இமைக்குள்ளே வெள்ளையாக நிற்கும். இன்று இருட்டு வருகிற வரைக்கும் எழுந்திருப்பதில்லை என்று படுத்திருந்தாள்.

வாசலில் வேலம்மா மதினி.

"ஏட்டி, வேன் வந்துரும். இன்னும் என்ன படுக்கை?"

"நான் வரல மதினி."

"காச்சலா?"

அங்கேதான் தப்புச் செய்தாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அதெல்லாம் இல்ல. சும்மாதான். இந்த மாசப் பணம் வந்துட்டுல்லா, அதுல ரெண்டு நாள் லீவு எடுக்கேன்."

மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெண்கள் கணக்கில் மாதாமாதம் விழுகிற ஆயிரம் ரூபாய் அது. எதற்கென்று கேட்காமல் வருகிற பணம். போன மாதம் வரைக்கும் சிலிண்டராகப் போனது, சின்னவனின் செருப்பாகப் போனது, மாமியாரின் கண் மருந்தாகப் போனது. இந்த மாதம் எடுத்து வந்து, இரண்டு நாள் கூலிக்குப் பதிலாக, கூலியை வைக்கிற அதே அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தாள். வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

"நீ லீவு. எனக்கு யாருட்டி பெட்டி தூக்கிவிடுவா?"

அதுவும் நியாயம்தான். உப்புப் பெட்டியைத் தனியாளாகத் தலையில் ஏற்ற முடியாது. ஒருத்திக்கு ஒருத்தி தூக்கிவிட வேண்டும். இத்தனை வருஷமாக அவளுக்கு மதினி, மதினிக்கு அவள். மதினிக்கும் அதே பணம் வருகிறது. வந்த அன்றே மகள் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

மதினி அன்றைக்கு வேனில் ஏறவில்லை.

தெருவில் இறங்கி வீடு வீடாகச் சொன்னாள்.

முதலில் உப்பளத்துக் கங்காணி போன் செய்தார். உடம்புக்கு என்ன என்றார். ஒன்றுமில்லை என்றதும் குரல் மாறியது.

அடுத்து அவள் வீட்டுக்காரன். டீ டம்ளரோடு காலடியில் வந்து நின்றான்.

"ஒண்ணுமில்லன்னா எதுக்குப் படுக்கணும்?"

சண்டைக்கு இல்லை. பாவம், நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டான்.

ஒருத்தி நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்தாள். ஒருத்தி குனிந்து, "அடிச்சானா?" என்று காதில் கேட்டாள். அவள் இல்லை என்று தலையாட்ட, கேட்டவள் நம்பாமல் போனாள்.

பிறகு மகளிர் குழுத்தலைவி. கையில் நோட்டு.

"அந்தப் பணத்த இப்படியா அழிக்கது? ஒரு ஆட்டுக்குட்டிக்குச் சேத்து வச்சிருக்கலாம்லா. படுத்துக் கெடக்கேன்னு மேல தெரிஞ்சா எல்லாத்துக்கும்லா நிப்பாட்டிருவான்?"

ஒரு ஆட்டுக்குட்டி. அதற்கும் விடியுமுன் எழுந்து இவள்தானே தீனிக்குக் குழை ஒடிக்க வேண்டும்?

பணம் அனுப்புகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தெருவுக்குத்தான் கேட்டு மாளவில்லை.

எழுந்தாள்.

முடியை அள்ளிச் செருகினாள். வேலைக்குக் கிளம்புகிறாள் என்று வீட்டுக்காரன் முகம் தெளிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

எதிர்வீட்டுப் படியில் மதினி.

"எங்கட்டி போற?"

"தூங்க."

முக்கில் டவுன்பஸ் நின்றது. ஏறினாள். பெண்களிடம் காசு வாங்காத பஸ்.

"எங்கம்மா?"

"எதுவரைக்கும் போவுதோ, அதுவரைக்கும்."

கண்டக்டர் அவள் கண்ணைப் பார்த்தார். இரண்டும் சிவந்திருந்தன. இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் நகர்ந்தார்.

வெயில் படாத பக்கம், ஜன்னலோரம். கம்பியில் தலை சாய்த்தாள்.

உப்பளம் வந்தது. வெள்ளை வெள்ளையாகப் போனது.

அப்புறம் ஒரு பாலம்.

அப்புறம், கண்ணுகளா, இருட்டு வந்தது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பஸ் அவள் தெரு முக்கிலேயே நின்றுகொண்டிருந்தது.

முன்சீட்டுக் கம்பி இடுக்கில் கண்டக்டர் சீட்டுகளைச் செருகியிருந்தார். போக ஒரு நடை, வர ஒரு நடை என்று நடைக்கு ஒன்றாக, செக்கிங் வந்தால் அவளை எழுப்பக் கூடாதென்று. அவள் கையில் கசங்கியிருந்ததோடு சேர்த்து நாலு.

பக்கத்திலே இன்னொரு கொத்து. அதில் மூன்று.

திரும்பிப் பார்த்தாள்.

வேலம்மா மதினி.

பஸ் முதல் தடவை திரும்பி வந்தபோது, இவளை இழுத்துக்கொண்டு போகத்தான் ஏறியிருக்க வேண்டும். ஒரு கை இவளுடைய முந்தானையைப் பிடித்தபடியே இருந்தது. தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, அவ்வளவு கூட்டத்திலும் குறட்டை.

இத்தனை வருஷத்தில் மதினி தூங்கி அவள் பார்த்ததில்லை.

வெளியே வீட்டுக்காரன் நின்றான். குழுத்தலைவி நின்றாள். இரண்டு பேரும் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

"ஒங்க ஸ்டாப்புதானம்மா," என்றார் கண்டக்டர். "அந்தம்மாவையும் எழுப்பி எறக்குங்க."

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"இன்னும் ஒரு நடை இருக்குல்லாண்ணே?"

நல்லா இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெண்கள் கண்ணை மூடினால் உடனே இருட்டு வரட்டும். ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்க வாய் திறக்கிறவர்களுக்கு அந்நேரம் பார்த்து ஒரு கொட்டாவி வரட்டும்.