மூன்றாவது பங்கு

அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்தபோது சட்டப்படி மூன்று பங்கு விழுந்தது. மேற்குப் பக்கம் அண்ணன் அடைக்கலத்துக்கு, கிழக்குப் பக்கம் தம்பி சேவுகனுக்கு, நடுமுற்றம் கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்கப் போகும் மான்களுக்கு. பேச்சை நிறுத்திக்கொண்ட சகோதரர்கள் முற்றத்தில் சுவர் எழுப்ப மனுக் கொடுத்தார்கள். மூன்றாவது பங்குதாரரின் சம்மதம் இல்லை என்று தாலுகா அலுவலகம் மறுத்துவிட்டது.

அன்று மாலை மான்கள் கடந்ததும் சேவுகன் படலைச் சாத்தப் போனார்.

“சாத்தாதடா! குட்டி ஒண்ணு நொண்டிக்கிட்டு வருது” என்றார் அடைக்கலம். பல வருடங்களுக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

குட்டி முற்றத்தில் நின்று மூச்சு வாங்கியது.

“இது கண்மாய் வரைக்கும் போவாதுண்ணே. என் பக்கத்துக் கல்தொட்டியில தண்ணி வைக்கலாம்.”

“உன் பக்கம்லாம் நான் கால் வைக்க மாட்டேன்.”

“மான் பங்குலயே கொண்டாந்து வைப்போம். தொட்டி கனக்கும், ஒரு கை பிடி.”