மடியில் இருக்கும்போது

செவிச்சோதனை அறையின் கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் முழுக்க அடங்கிவிடுகிறது. அப்பாவின் மடியில் உட்கார்ந்து இரண்டரை வயதுக் குழந்தை மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறது. காதுக்கு மேலே, மழித்து மறுபடி முளைத்த முடியின் நடுவே, காது கேட்பதற்காகப் பொருத்திய கருவியின் வட்ட வில்லை ஒட்டியிருக்கிறது. கருவியில் குறையில்லை, உள்ளே செவிநரம்புதான் நூலிழையாக இருக்கிறது, கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்று டாக்டர் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லியிருந்தார். அம்மா பின்னால் நின்று கூப்பிடுகிறாள். "குட்டிம்மா!" குழந்தை திரும்புகிறது. "பாத்தீங்களா! வீட்டுலயும் இப்படித்தான் திரும்புறா!" அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கூப்பிட்ட நொடியில் தன் முழங்கால் அசைந்தது அவனுக்குத் தெரியும். வேண்டுமென்றே அசைத்தானா, ஆசை அசைத்ததா, அதுதான் தெரியவில்லை. சோதிக்கும் பெண் அதைப் பார்த்துவிட்டாள். "சார், பாப்பாவ அந்தக் குட்டி நாற்காலில உக்கார வைங்க. இன்னொரு தடவ பாத்துடலாம்." குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைச் சுடுகிறது. குழந்தையை இறக்கி வைக்கிறான். சூடு ஆறாத மடியில் கையை வைத்துக்கொள்கிறான். அம்மா கூப்பிடுகிறாள். கட்டைமேல் கட்டை ஏறுகிறது. உரக்கக் கூப்பிடுகிறாள். மூன்றாம் முறை குரல் பாதியில் உடைகிறது. மெல்ல அவன் பக்கம் திரும்புகிறாள். "வீட்டுலயும்... உங்க மடியில இருக்கறப்ப மட்டுந்தான் திரும்புவா, இல்ல?" குழந்தை அடுத்த கட்டைக்காகக் கையை நீட்டுகிறது. அவன் குனிந்து எடுத்துக் கொடுக்கிறான்.