முப்பத்தொரு குத்து

“மார்க் போட்ட தாளைக் காட்டுங்க சார்.”

அதை மட்டும் கேட்காதே என்று அம்மா கெஞ்சியும், குத்துச்சண்டைப் போட்டி முடிந்ததும் ரத்னா நடுவரிடம் அதைத்தான் கேட்டாள்.

“எண்ணிக்கினே இருந்தேன். நீல பனியன் முப்பத்தொரு குத்து, சிவப்பு பதினாலு. சிவப்பு எப்படி ஜெயிச்சான்?”

“எண்ணி இன்னாம்மா பண்றது? சிவப்பு உட்டது ஒவ்வொண்ணும் இடி!”

“அப்புறம் ஏன் சார் சிவப்பு மூஞ்சி வீங்கிக் கீது?”

“படிச்ச திமிரா? நாளைக்குக் கோப்பையோட வர்றவனுக்குப் போட்டி நடத்துற கம்பெனில வேலை. தோத்தவனோட அக்காவுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.”

“நான் சிவப்போட அக்கா சார். அந்த மூஞ்சிக்கு ஒத்தடம் குடுத்துட்டுதான் வரேன்.”

நீல பனியன்காரன் மண்ணூர் பஸ் ஏறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். தம்பியின் கோப்பையோடு ரத்னா வெளியே நடந்தாள்.