பெரட்டில் முருகையா

"முருகையா!"

விடிந்தும் விடியாத நேரத்தில், பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும் மண்டோர் சன்னாசி பேர் கூப்பிட்டது லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது.

"வரலையா? கட்டில விட்டு எறங்க அண்ணனுக்கு இன்னும் நல்ல நேரம் பொறக்கல லா!"

ரப்பர் பால் வெட்டப் போக வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

முருகையா போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டார். மாரடைப்பு வந்து, சிரம்பான் ஆஸ்பத்திரியில் பிழைத்து, வீடு வந்து நாற்பது நாள். படுத்துக் கிடக்கிறவன் பேரைப் பெரட்டில் கூப்பிடுவது எந்தத் தோட்டத்து வழக்கம்?

"நெஞ்சு வலிக்காரர நக்கல் பண்றான் பாருங்க, நாசமாப் போறவன்!" அடுப்படியிலிருந்து மனைவி மயிலம்மாள் கத்தினாள்.

முருகையா போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். வீடு வந்ததிலிருந்தே அப்படித்தான். இனி என்ன இருக்கிறது என்று சுவரைப் பார்த்துப் படுத்தவர். மாத்திரையை விழுங்குவார், சோறு வைத்தது வைத்தபடி இருக்கும். பிழைத்து வந்த மனுஷன் இப்படிப் படுத்தே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று லயமே பயந்தது. சன்னாசிக்கு மட்டும் ஈவிரக்கமே கிடையாது.

மறுநாளும் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் எல்லை மீறிவிட்டான்.

"முருகையா! ஆப்சென்! கால்ல அட்டை ஏறினா வாளி மேல ஏறி நின்னு அலறுற ஆளாச்சே! பயந்து ஒளிஞ்சிக்கிட்டாரு லா!"

களமே குலுங்கிச் சிரித்தது.

முருகையாவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக மூடி மறைத்த சங்கதி. இந்தப் பயலுக்கு எப்படித் தெரிந்தது?

போர்வையை உதறினார். "என் சட்டையக் குடு!"

"வேணாங்க, நெஞ்சு..."

"குடுங்கிறேன்!"

மெல்ல நடந்துபோய்ச் சன்னாசி முன்னால் நின்றார். "ஏன்டா, கத்தி பிடிக்கத் தெரியாம மரத்தக் காயப்படுத்திட்டு, ஆபீஸ் கிராணி முன்னால ஓன்னு அழுத பயதான நீ?" என்று ஆரம்பித்து, அவன் பழைய வண்டவாளத்தையெல்லாம் எடுத்துவிட்டார். சிரித்தவர்கள் இப்போது சன்னாசியைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் முருகையாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து நாலு தோசை கேட்டார்.

அதன்பிறகு தினமும் நடந்தார். "முருகையா!" என்றால் போதும், "இருக்கேன்டா!" என்று களம் அதிரக் குரல் கொடுத்தார்.

அடுத்த செக்கப்பில் டாக்டர் அமிர்தலிங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மருந்து அதேதான். மாறினது உங்க மனசு. மனசு ஒடிஞ்சு கெடந்தா உடம்புல வேண்டாததெல்லாம் சுரக்கும், ரத்தம் லேசுல உறையும், இதயத்துக்கு ஓய்வே கெடைக்காது. அதனாலதான் மாத்திரை வாங்க வந்த உங்க வீட்டம்மாகிட்ட, எப்பாடு பட்டாவது இவர எழுப்பி நடக்க விடுங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

முருகையா திரும்பினார். மயிலம்மாள் கூரையில் சுற்றும் காற்றாடியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சன்னாசி...?"

"பாவங்க அந்தப் புள்ள. மாட்டவே மாட்டேன்னு அழுதுச்சு. பேர் கூப்பிட்டது மட்டும்தான் அவன். நக்கல் பூரா நான் சொல்லிக் குடுத்தது" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அட்டையும்தான்."