பக்கத்துத் தட்டுப் பச்சை

"என்ன அநியாயம் இது!"

ஆய்வகக் கதவைத் திறந்ததுமே அவள் கத்திவிட்டாள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் லீவு. திரும்பி வந்து பார்த்தால், அலமாரியில் அவள் தட்டில் இருந்த குடுவை, துணி அலசின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பக்கத்துத் தட்டில் சின்னவளின் குடுவையோ மயில்கழுத்து நிறத்தில் தளதளவென்று நிற்கிறது!

சின்னவள் போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். இரண்டு குடுவையிலும் ஒரே ஏரியின் நீலப்பச்சைப் பாசிதான். ஏரியில் கேட்பாரில்லாமல் மண்டி, மீனையெல்லாம் கொல்லுகிற சனியன், ஆய்வகத்துக்கு வந்தால் மட்டும் மாப்பிள்ளை முறுக்கு காட்டும். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் படுத்துவிடும்.

"யார் பாசி நல்லா வருதோ, அதை வச்சுத்தான் பெரிய ஆராய்ச்சி. வளர்த்தவங்களுக்கு நிரந்தர வேலை" என்று புரொஃபசர் சொல்லியிருந்தார். இன்று பார்க்க வருகிறார்.

'கொடுத்து வச்சவ. பிள்ளையா, குட்டியா? பொழுதுக்கும் பாசியைக் கொஞ்சிக்கிட்டு உட்காரலாம்!'

அண்ணாந்து பார்த்தாள். அவள் தட்டின் ட்யூப் லைட் எரியவில்லை.

'அடிப் பசப்புக்காரி! என் விளக்கை அணைச்சே வச்சுட்டாளா? போன்ல மட்டும், பாப்பாவைப் பாருங்கக்கா, இங்க நான் இருக்கேன்னு தேன் ஒழுகினாளே!'

மேசையில், பாத்திரம் கழுவுகிற பிளீச்சிங் தண்ணீர் இருந்தது.

எனக்கில்லாதது அவளுக்கு மட்டும் எதற்கு?

பக்கத்துத் தட்டுக் குடுவையின் பஞ்சடைப்பைப் பிடுங்கினாள். சளக்கென்று ஊற்றினாள். மறுபடி அடைத்தாள். நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது.

குடுவை வெளுக்க ஆரம்பித்தபோது செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று நகர்ந்து நின்றாள்.

"அக்கா! வந்துட்டீங்களா? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா?"

"ம்."

"ஏன்க்கா முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

"பிள்ளைக்காரி முகம் அப்படித்தான் இருக்கும். உனக்கென்ன, உன் பாடு கொண்டாட்டம்."

சின்னவள் சிரித்துவிட்டாள். "நல்ல கொண்டாட்டம் போங்க! உங்களுக்காகப் புரொஃபசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீங்க லீவு போட்ட மறுநாளே உங்க லைட் பியூஸ் போயிடுச்சு. புதுசு கேட்டா, இப்போதைக்கு வராதுன்னு எரிஞ்சு விழறாரு."

"அப்புறம்?"

"என் லைட்டுக்கு அடியில ஒரு குடுவைதானே கொள்ளும்? அதான், உங்களோடதைத் தூக்கி என் தட்டுல வச்சுட்டு, என்னோடதை உங்க தட்டுக்குத் தள்ளிட்டேன்."

"அப்ப... உன் வேலை?"

"நான் ஒண்டிக்கட்டைக்கா. இது இல்லேன்னா இன்னொண்ணு. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நீங்க எங்க போய் அலைவீங்க? அதை விடுங்க. உங்க பாசியைப் பாருங்க, அப்படியே மயில் கழுத்..."

சின்னவள் குடுவையைக் கையிலெடுத்துத் திருப்பினாள். சுவர்ப் பக்கம் இருந்த பேர்ச்சீட்டு முன்னால் வந்தது. அதில் சின்னவள் பேர் இல்லை; இவள் பேர். உள்ளே சொட்டுப் பச்சை இல்லை.

"ஐயோ! காலையில பார்த்தப்பகூட நல்லா இருந்துச்சேக்கா!"

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான்தான் எதையோ சரியாப் பார்க்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்று அழுதபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கையில் பிளீச்சிங் வாடை இன்னும் போகவில்லை.